ஆறாவது ஆளின் சம்பளம்

அத்தியாயம் 14

போன வாரம் முழுக்கச் சின்னவள் ஸ்கேலும் பென்சிலுமாக ஒரு தாளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலை அந்தத் தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஏறிவிட்டது.

இந்த வாரம்தான் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே நான்கு பேர். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை. பெரியவன் பயன்பாட்டுக் கணிதம் படித்துவிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போய்வருகிறான். சின்னவளுக்கும் அதே படிப்புதான் வேண்டுமாம். இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்து, எதில் சேர்வது என்று புரியாமல் ஒரு மாதமாக வீட்டில் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஒன்று, பெரியவன் படித்த மேட்டுக் கல்லூரி. பெயரும் பெரிது, கட்டணமும் பெரிது. மற்றது, பஸ் நிலையத்துக்குப் பின்புறம் இருக்கும் அரசுக் கல்லூரி. பெயின்ட் அடித்துப் பத்து வருடம் இருக்கும். எது என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்.

அரசுக் கல்லூரிக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் கடன் போதும். மேட்டுக் கல்லூரி என்றால் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் கடன். அதற்கு அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டரை மணிக்கு வங்கிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அப்பா டீ டம்ளரோடு தாளின் முன்னால் போய் நின்றார். எங்கே கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று தேடுகிற முகம் அவருக்கு.

"ஏம்மா, இதை எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கையெழுத்துப் போடப்போறவன் நான்."

"ரொம்ப சிம்பிள்ப்பா. இந்தக் கட்டம் மொத்தக் கடன். இது மாசத் தவணை. இது, படிச்சு முடிச்ச மூணாவது வருஷத்துல என்ன சம்பளம் வருதுன்னு காலேஜே வெளியிட்ட கணக்கு. சம்பளத்துல தவணையைக் கழிச்சா கையில நிக்கறது கடைசிக் கட்டம்."

"மேட்டுக் காலேஜுக்கு எவ்வளவு நிக்குது?"

"சம்பளம் அறுபத்தோராயிரத்து ஐநூறு. தவணை பதினாறாயிரத்து நாநூறு. மீதி நாப்பத்தஞ்சாயிரத்து நூறு. பஸ் ஸ்டாண்ட் காலேஜுக்குச் சம்பளம் முப்பத்திநாலாயிரம், தவணை மூவாயிரத்து நூறு. மீதி முப்பதாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அப்போ கடன் ஜாஸ்தின்னாலும் மேட்டுக் காலேஜ்தான் லாபம்."

"மாசம் பதினாலாயிரத்து இருநூறு லாபம்ப்பா."

மேஜையின் அந்தப் பக்கம் பெரியவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அறுபத்தோராயிரத்து ஐநூறு என்ற சொல் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

"அண்ணா, சட்டை!" என்று சின்னவள் கத்தினாள்.

பெட்டியைத் தூக்கினான். காலர் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை. அதைப் பார்க்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"இது எல்லாரோட சராசரியா?" அப்பா விடுவதாக இல்லை.

"சராசரி இல்லப்பா. ஒருத்தர் மட்டும் அஞ்சு லட்சம் வாங்கினா சராசரி எல்லாரையும் சேத்துத் தூக்கிடும், ஏமாந்துடுவோம். இது நடு ஆள் கணக்கு. பதில் சொன்னவங்களைச் சம்பளப்படி வரிசையா நிக்க வச்சா, நட்டநடுவுல நிக்கறவர் என்ன வாங்கறாரோ அது. மேட்டுக் காலேஜ்ல பதினொரு பேர் பதில் அனுப்பியிருக்காங்க. அதுல ஆறாவது ஆளோட சம்பளம் இது."

"பதினொரு பேர்தானா?"

"அந்தப் படிப்புல வருஷத்துக்கு முப்பது பேர்தானே சேர்றாங்க. பஸ் ஸ்டாண்ட் காலேஜ்ல நூத்தி நாப்பத்திரண்டு பேர் பதில் சொல்லியிருக்காங்க."

அப்பா பெரியவன் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம வீட்லயே ஒருத்தன் இருக்கானே. என்னடா, அந்த ஆறாவது ஆள் நீதானா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். பெரியவனால் கூடச் சிரிக்க முடியவில்லை.

ஏனென்றால் அது அவன்தான்.

ஒன்பது மாதம் முன்பு ஒரு மதிய இடைவேளையில் அந்தப் படிவம் அவன் கைப்பேசிக்கு வந்தது. கல்லூரி பழைய மாணவர்களின் வருமானம் கேட்டு அனுப்பிய படிவம். அனுப்பியவர் அவனுக்கு மிகவும் பிடித்த பேராசிரியர். 'நம்ம பையன் எப்படி இருக்கான்னு தெரிஞ்சுக்க ஆசை' என்று கீழே கையோடு ஒரு வரி சேர்த்திருந்தார். அந்த ஒரு வரியால்தான் வினையே வந்தது. அவரிடம் போய்ப் பதினெட்டாயிரத்து ஐநூறு என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. அறுபதாயிரம் என்று அடித்தான். முழு எண்ணாக இருந்தால் பொய் என்று பளிச்சென்று தெரியும் என்று பட்டது. அறுபத்தோராயிரம் ஆக்கினான். அதற்குப் பின்னால் ஓர் ஐநூறையும் ஒட்டவைத்து அனுப்பிவிட்டான்.

கடலில் கொட்டிய ஒரு டம்ளர் தண்ணீர், யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் நினைத்தான். பதில் அனுப்பியதே பதினொரு பேர் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? வேறு யாராவதும் அதே சம்பளம் வாங்கலாம் அல்லவா என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

"அண்ணா," சின்னவள் பச்சைப் பேனாவை எடுத்தாள். "உன் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா நீ சொல்லவே மாட்டே. சரி, சொல்ல வேண்டாம். இந்த அறுபத்தொண்ணுக்கு மேலயா, கீழயா? அதை மட்டும் சொல்லு. எனக்குக் கையில இருக்கற ஒரே சாட்சி நீதான்."

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைப் பார்த்ததும் பெரியவன் இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தான்.

"கிட்டத்தட்ட," என்றான்.

சின்னவள் அந்த வரிசையின் ஓரத்தில் 'அண்ணன்: கிட்டத்தட்ட' என்று பச்சையில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

* * *

பெரியவன் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்பது பொய் இல்லை. நாலாவது மாடியில் அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு. என்ன வேலை என்பதில்தான் கொஞ்சம் கோளாறு. 'ரிஸ்க் கணக்குப் போடுறான்' என்று வீட்டில் நினைப்பு. அவன் போடுவது கணக்கில்லை. விபத்து நடந்த தேதி, வண்டி எண், சேதமான பாகம் என்று ஒரு நாளைக்கு இருநூறு படிவங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்கிறான். நிரந்தர ஊழியர்களுக்குக் கழுத்தில் நீலப் பட்டை. ஒப்பந்த ஆட்களுக்குச் சாம்பல் பட்டை. தெருமுனை திரும்புவதற்கு முன்பே அவன் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவான்.

இன்று பதினொரு மணிக்கே இருப்புக் கொள்ளவில்லை. மாடிப்படிக்குப் போய் வங்கியின் கடன் பிரிவுக்கு போன் போட்டான்.

"ஒரு சந்தேகம் சார். ஒரு கடனுக்கு ஜாமீன் போட்டவர் இன்னொரு கடனுக்கும் ஜாமீன் போடலாமா?"

"தாராளமா போடலாம். முதல் கடன் ஒழுங்கா கட்டியிருந்தா."

"கட்டலைன்னா?"

"கடன் நம்பர் சொல்லுங்க."

சொன்னான். அந்தப் பக்கம் விசைப்பலகை தடதடத்தது.

"ஏழு தவணை நிக்குது சார். மொத்தம் எண்பத்தாறாயிரத்து நூறு. ஜாமீன்தாரர் பேரைத் தட்டினாலே ஸ்கிரீன்ல சிவப்பாக் காட்டும். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கு நோட்டீஸும் வரும்."

"ஒரு தவணையாவது இன்னைக்குக் கட்டிட்டா?"

"ஏழையும் கட்டினாத்தான் சார் சிவப்பு போகும்."

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுடைய பழைய கல்விக் கடனுக்கும் அப்பாதான் ஜாமீன். வங்கியில் அப்பா பெயரைத் தட்டியதும் மகனின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அதுவும் முன்பின் தெரியாத ஓர் அதிகாரி வாயால், சின்னவள் எதிரில்.

எழுந்து போய் சூப்பர்வைசர் மேஜை முன் நின்றான். முன்பணம் கிடைக்குமா என்று கேட்டான்.

"உங்களுக்கெல்லாம் சம்பளம் நாங்க போடறதில்லையேப்பா," என்றார் அவர். திட்டவில்லை, பாவமாகத்தான் சொன்னார். "ஏஜென்சிகிட்டதான் கேக்கணும். அவங்க குடுப்பாங்கன்னு தோணலை. என்ன, வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார். சும்மாதான்."

எண்பத்தாறாயிரத்துச் சொச்சத்தை யாராவது சும்மா கேட்பார்களா? அரை நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிட்டான். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனான். முதலில் சின்னவளிடம் சொல்லிவிடுவது, பிறகு அப்பாவிடம் என்று இறங்குவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

* * *

வங்கியில் டோக்கன் எண் நாற்பத்தேழு. பலகையில் நாற்பத்து மூன்று ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா நல்ல சட்டை போட்டு வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் மட்டும் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அடையாள அட்டைக்கு இன்னொரு நகல் வேண்டும் என்று சொல்லிவிட்டதால் எதிர்க்கடைக்குப் போயிருந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றான் பெரியவன்.

"சொல்லு. ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்க முடியாதுன்னு மட்டும் சொல்லாதே. கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போச்சு."

"அந்த அறுபத்தோராயிரத்து ஐநூறு, அது நான்தான்."

சின்னவளின் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? ஆறாவது ஆள் நீயா? அப்பா காலைல சும்மா அடிச்சது கரெக்டா! அதைச் சொல்லக் கூடாதாண்ணா, நான் எவ்வளவு பயந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கிறதுக்குப் பதில் அவள் இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"நான் எழுதினது அது. வாங்கறது அது இல்ல."

"புரியலை."

"பதினெட்டாயிரத்து ஐநூறு வாங்கறேன். ஒப்பந்த வேலை. படிவம் தட்டச்சு பண்றேன்."

பலகையில் நாற்பத்து நான்கு வந்தது. சின்னவள் மடியில் இருந்த தாளைப் பிரித்தாள். பென்சிலை எடுத்தாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் கை முதலில் பென்சிலுக்குத்தான் போகும்.

"ஆறாவது ஆளைத் தூக்கிக் கீழ்க்கோடியில நிறுத்தினா, அடுத்துக் கீழ இருக்கறவர் நடுவுக்கு வந்துடுவார். அவர் சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. அம்பத்தொன்பதா இருக்கலாம், இருபத்திரண்டா இருக்கலாம். அவரும் உன்னை மாதிரியே எழுதியிருக்கலாம்." தாளின் ஓரத்தில் வேகமாகக் கழித்தாள். "பதினெட்டரை வச்சுப் போட்டா, தவணை போகக் கையில ரெண்டாயிரத்து நூறு. பஸ்ஸுக்குக் காணாது."

"தெரியும்."

"நான் ஒரு மாசமா இந்த எண்ணை நம்பி உக்காந்திருக்கேன்."

"படிவத்துல எழுதறப்போ இது உன் தலையில வந்து விடியும்னு எனக்கு..."

"படிவத்தை விடு. அது காலேஜுக்கு எழுதினது. காலைல கேட்டேனே. மேலயா கீழயான்னு முகத்தைப் பாத்துக் கேட்டேனே. எங்கிட்டயே கிட்டத்தட்டன்னு சொன்னியேண்ணா."

பக்கத்து நாற்காலிக்காரர் கைப்பேசியில் மூழ்கியிருப்பதுபோல் நடித்தார்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றாள்.

"என் கடன்ல ஏழு தவணை கட்டலை. ஜாமீன் அப்பாதான். அவர் பேரைத் தட்டினதும் தெரிஞ்சிடும்."

சின்னவள் தாளை இரண்டாக மடித்தாள். "அப்பாகிட்ட நீயே சொல்லு. அந்த மெஷின் சொல்றதுக்கு முன்னாடி சொல்லு."

நாற்பத்து ஐந்தும் நாற்பத்து ஆறும் வரவே இல்லை போலிருக்கிறது. பலகை ஒரே தாவாக நாற்பத்தேழுக்குப் போனது. அப்பா வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, நகலைக் காற்றில் ஆட்டியபடி, நேராக மேஜைக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

* * *

கடன் அதிகாரி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பெண்மணி.

"பொண்ணுக்குத்தானே? பயன்பாட்டுக் கணிதமா? நல்ல படிப்பு. ஜாமீன் நீங்களா? இங்க, இங்க, அப்புறம் பின்பக்கம் ஒண்ணு. உங்க அட்டை எண் சொல்லுங்க, நான் அதுக்குள்ள ஏத்திடறேன்."

அப்பா பேனா மூடியைக் கழற்றினார். எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அதிகாரியின் விரல்கள் அதே வேகத்தில் தட்டின. மூன்றாவது எண், நான்காவது எண்.

பெரியவன் எட்டிப் படிவத்தின் மேல் கையை வைத்தான். "அப்பா, கையெழுத்துப் போடாதீங்க."

"என்னடா?"

"நான் எழுதினது பொய் சம்பளம்ப்பா. அதை வச்சுத்தான் இவ கணக்குப் போட்டிருக்கா. எனக்குப் பதினெட்டாயிரத்து ஐநூறுதான் வருது. என் கடன்ல ஏழு மாசமா தவணை கட்டலை. இப்ப உங்க பேரைத் தட்டினா அதுதான் வரும்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். விரல்கள் விசைப்பலகையில் நின்றன. அதிகாரி மிச்ச எண்களைப் படிவத்தைப் பார்த்துத் தட்டினார். திரையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். திரையை அவர் பக்கம் திருப்பவில்லை. அதற்கு அவருக்குப் புண்ணியம் உண்டு.

"ஆமா சார். பாக்கி இருக்கு. இந்தக் கடனுக்கு நீங்க ஜாமீன் நிக்க முடியாது," என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை வழுக்கியது.

"பதினெட்டரையா?" என்றார்.

"ஆமாப்பா."

"நான் போற பில்டிங்ல எல்லாம் அறுபதுன்னு சொல்லி வச்சிருக்கேன்டா. வாட்ச்மேன்லேர்ந்து செகரட்டரி வரைக்கும். எம்பையன் அறுபது வாங்கறான்னு."

"நான் அறுபதுன்னு உங்ககிட்ட சொன்னதே இல்லப்பா."

"சொல்லலை. நானா நெனைச்சுச் சொன்னேன், நீ மறுக்கவும் இல்லையே."

அப்பா கத்தியிருந்தால் பெரியவனுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. கிரீஸ் படிந்த விரல்களை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் பெரியவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

சின்னவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "மேடம், ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான் வேணும்னா என்ன பண்ணணும்?"

"ரெண்டு லட்சத்துக்குள்ளன்னா ஜாமீனே வேண்டாம். உன் கையெழுத்து போதும்."

"அந்தப் படிவம் குடுங்க."

அதிகாரி படிவம் எடுக்க உள்ளே போனார். மேஜை இழுப்பறையிலேயே இருந்திருக்கும். இவர்களைக் கொஞ்சம் தனியாக விடலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அதே படிப்பா?" அப்பா கேட்டார். "இவன் கதியைப் பாத்தப்புறமுமா?"

"பஸ் ஸ்டாண்ட் காலேஜ்ல நூத்தி நாப்பத்திரண்டு பேர் பதில் சொல்லியிருக்காங்கப்பா. அத்தனை பேருக்கும் எங்கண்ணன் குணம் இருக்காதுல்ல?" சிரிக்காமல் சொன்னாள். "அதுல பாதிப் பேர் பொய் சொல்லியிருந்து, நான் பதினெட்டரைக்கே வேலைக்குப் போனாலும், மூவாயிரத்து நூறு தவணையை என்னால கட்ட முடியும். யாரையும் ஏமாத்தாம கட்ட முடியும். எனக்குப் பிடிச்ச படிப்புப்பா. இவன் சொதப்பினான்னு நான் ஏன் விடணும்?"

கைப்பேசியை எடுத்து அரசுக் கல்லூரிக்குச் சம்மதம் அனுப்பினாள். மணி மூன்று ஐம்பது. மேட்டுக் கல்லூரியின் கடிதத்தைக் கிழிப்பாள் என்று பெரியவன் எதிர்பார்த்தான். கிழிக்கவில்லை, பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். உதடு மட்டும் கோணியது. ஆசைப்பட்ட இடம், இல்லை என்று ஆகிவிட்டது. அந்தப் பாவமும் தன் கணக்கில்தான் என்று அவனுக்குத் தெரிந்தது.

ஆனாலும் இத்தனை நாள் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டதுபோல் ஓர் உணர்வு. எல்லாம் சொல்லியாயிற்று, இனி திட்டு வாங்குவது ஒன்றுதான் பாக்கி என்று நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சின்னவள் விட்டால்தானே?

"அண்ணா, நீ எப்போலேர்ந்து தவணை கட்ட ஆரம்பிச்சே?"

"ரெண்டு வருஷமா."

"இருபத்திநாலு மாசம். ஏழு கட்டலை. அப்போ பதினேழு மாசம் ஒழுங்கா கட்டியிருக்கே. தவணை எவ்வளவு?"

"பன்னிரண்டாயிரத்து முந்நூறு." சொல்லும்போதே அவள் எங்கே போகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பதினெட்டாயிரத்து ஐநூறுல அதைக் கழிச்சா ஆறாயிரத்து இருநூறு. சரியா?" பென்சில் நின்றது. "மாசம் ஒண்ணாந்தேதி அப்பா கையில பத்தாயிரம் குடுத்தியே. ஒரு மாசம்கூடத் தவறலை. ஆறாயிரத்து இருநூறுலேர்ந்து பத்தாயிரம் எப்படிண்ணா குடுத்தே? பஸ்ஸுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு என்ன பண்ணினே?"

அப்பா தலையை நிமிர்த்தினார்.

"வட்டிக்கு வாங்கினியா?" என்றார். குரலில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. "எவன்கிட்டடா வாங்கினே? சொல்லு, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, சொல்லித் தொலை."

"வட்டிக்கு எல்லாம் இல்லப்பா."

"அப்புறம்?"

பெரியவன் அதிகாரியின் காலி நாற்காலியைப் பார்த்தான். அவர் இப்போது வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. வரவில்லை.

"அம்மா குடுத்தாங்க."

"எந்த அம்மா?" என்று கேட்டார் அப்பா. அந்த அளவுக்கு மனிதர் தடுமாறிப் போயிருந்தார்.

"நம்ம அம்மாதான்ப்பா. மாசம் எட்டாயிரம் குடுப்பாங்க. ஒண்ணாந்தேதி உங்க கையில அதையும் சேத்துக் குடுத்துடுவேன். என் சம்பளம் எவ்வளவுன்னு முதல் மாசமே அம்மாவுக்குத் தெரியும். 'அவர் வாய் நிறையப் பெருமையாப் பேசிட்டு வர்றாருடா, அதைக் கெடுக்காதே'ன்னு சொன்னாங்க."

"அவளுக்கு எட்டாயிரம் எங்கேர்ந்து?"

"ஞாயித்துக்கிழமை டியூட்டி."

அப்பா பேனாவை மேஜையில் வைத்தார். ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில் நடந்த சண்டை அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை, வரச் சொல்கிறார்கள், காசெல்லாம் தருவதில்லை என்று அம்மா சொல்வாள். காசு தராத வேலைக்கு ஏன் போகிறாய், புருஷன் பிள்ளையோடு ஒரு நாள் வீட்டில் இருக்கக் கசக்கிறதா என்று இவர் கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டைக்கூடத் தள்ளியிருக்கிறார்.

"ஏழு மாசம் முன்னாடி புது மெஷின் வந்து ஞாயிறு டியூட்டியை நிறுத்திட்டாங்க," பெரியவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மா ரொம்பக் கவலைப்பட்டாங்க. சம்பளம் ஏறிடுச்சும்மா, இனிமே நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஏறலை. தவணையை விட்டுட்டு உங்களுக்கு மட்டும் குடுத்துட்டிருந்தேன்."

"அம்மாகிட்டயும் பொய்யா?" என்றாள் சின்னவள். அவளிடம் இப்போது கோபம்கூட இல்லை. பென்சிலை மேஜையில் வைத்துவிட்டாள்.

அப்பா கைப்பேசியை எடுத்தார். நான்கு மணி, சலவைப் பிரிவில் டீ இடைவேளை. இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள். பின்னால் மெஷின்களின் இரைச்சல். சத்தமாகப் பேசியே பழகிப்போன குரல், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

"என்னாச்சு, கையெழுத்துப் போட்டாச்சா? பாப்பா சந்தோஷமா?"

அப்பா வாயைத் திறந்தார். பெரியவனைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார், மூடிய பேனாவைப் பார்த்தார்.

"ஏங்க? லைன்ல இருக்கீங்களா?"

பதில் இல்லை. அந்தப் பக்கமும் பேச்சு நின்றது. மெஷின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அம்மா கைப்பேசியோடு வெளியே நடக்கிறாள் என்று தெரிந்தது. பிறகு, மெதுவான குரலில் கேட்டாள்.

"தெரிஞ்சுபோச்சா?"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஷிஃப்ட் முடிஞ்சதும் பஸ் ஏறிடாதே," என்றார். "கேட் கிட்டயே நில்லு. நான் வரேன்."

கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். அம்மா வேலைக்குச் சேர்ந்த இருபத்து நான்கு வருடங்களில் அவர் ஒரு நாள்கூட அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு அம்மாவைக் கூட்டிவரப் போனதில்லை. "அப்பா, நானும் வரேன்," என்று பெரியவன் எழுந்தான். அவன் தோளில் கையை வைத்து மறுபடி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அந்தக் கை கோபமாக அழுத்தியதா, தட்டிக்கொடுத்ததா என்று பெரியவனுக்குத் தெரியவில்லை.